அம்பாசிடரின் செம்புக் குழாய்

பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் ஓய்ந்துபோன பிறகு ரோச்சுக்கு ஆட்டோ என்றாலே முகம் சுருங்கிவிடும். பிசியோதெரபிக்கு வாரம் தவறாமல் போயாக வேண்டும். ஆட்டோவில் ஏறுவதென்றால் குனிந்து, உடம்பை மடக்கி, தலையை முதலில் உள்ளே விட்டு, காலைப் பிறகு இழுத்துப் போட வேண்டும். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடிப்பார். மனைவி டெல்பின் மறுபக்கம் தாங்குவாள். சில நாள் தெருவில் போகிற யாராவது ஒருவர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார். கப்பல் கப்பலாக ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர், மூட்டை மாதிரி ஏற்றப்படுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பினால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச்சு இருக்காது.

வீட்டு முன்னால் தார்ப்பாய் போட்டு ஒரு அம்பாசிடர் நின்றது. அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. ரோச் அதைப் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு உப்பு வியாபாரியிடம் வாங்கி, கப்பலிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபண்ணி வைத்திருந்தார். ஒரு நாள் சும்மா அதில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றார். டெல்பின் கதவைத் திறந்துவிட்டாள். அவர் முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்தார். சோபா உயரத்தில் அகலமான இருக்கை. வலது கையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். யாரும் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் டெல்பினுக்கு ஒன்று தோன்றிவிட்டது. அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

அவளுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு தைக்கிறவள். தையல் மிஷினைத் தவிர எந்த மிஷினையும் தொட்டதில்லை. ஸ்கூல் வண்டி சின்னது, சொன்ன சொல் கேட்கும். அம்பாசிடர் அப்படி இல்லை. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. பிரேக்கை மிதிப்பதற்கே தொடை வலித்தது. ஆனாலும் பழகிவிட்டாள். சென்னையில் இருக்கிற மகள், இந்தக் காலத்தில் யாராவது இதை ஓட்டுவார்களா, விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்குங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். டெல்பின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாராவாரம் ரோச் யாருடைய கையும் படாமல் ஏறி, யாருடைய கையும் படாமல் இறங்கினார்.

அப்படி இருக்கும்போதுதான் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது.

அன்றைக்கு ரோச்சுக்குக் காய்ச்சல். டெல்பின் மெக்கானிக் சுடலைக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஆய்வுக்குப் போனாள். ரோச் படுத்தபிறகு வண்டியைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். சாயர்புரம் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்தான். ஆய்வாளர் ஒரு பெண். பானுப்ரியா என்று பெயர். தூரத்திலிருந்தே வண்டியைப் பார்த்துச் சிரித்தார். ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, கீழே பலகை விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். வெளியே வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிரேக் பைப்பு யார் மாத்தினது?" என்று கேட்டார்.

டெல்பின் பெருமையோடு, தன் வீட்டுக்காரர் மாற்றியது என்றாள். அது உண்மையிலேயே ரோச்சின் பெருமைதான். இந்த ஊர்க் காற்றில் உப்பு. இரும்பு எதுவும் நிற்காது. கம்பெனி போட்ட இரும்புக் குழாய் துருப்பிடித்துப் பொரிந்துவிட்டது என்று, ஒரு லீவில் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, செம்புக் குழாய் வாங்கி, அச்சு எடுத்தமாதிரி வளைத்துப் பூட்டியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் குனிந்து பார்க்கச் சொல்வார். செம்பு துருப்பிடிக்காது, நம்ம காலத்துக்கும் நிற்கும் என்பார்.

பானுப்ரியா அவளைத் தனியாக நிழலுக்கு அழைத்துப் போய்ப் பொறுமையாகச் சொன்னார். செம்பு துருப்பிடிக்காது என்பது சரிதான். ஆனால் வண்டி ஓட ஓட அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர அதிர செம்பு இறுகிப்போய், ஒரு நாள் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விடும். பிரேக்குக்கென்று செய்த குழாய்தான் போடவேண்டும். அதில் செய்த கம்பெனியின் பெயரும் தரமுத்திரையும் இருக்கும். பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் போடுகிற குழாயைப் பிரேக்கில் போட்டிருந்தால் தன்னால் கையெழுத்துப் போட முடியாது.

"உங்க வண்டியில பிரேக்குக்கு ஒரே லைன்தான்மா. இப்போ வர்ற வண்டி மாதிரி ரெண்டா பிரிஞ்சி போகாது. எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. மாத்திட்டு வாங்க. அன்னைக்கே பாஸ் பண்ணித் தர்றேன்."

சட்டம் பேசுகிறவர்கள் மீது வருகிற கோபம் டெல்பினுக்கும் வந்தது. ஆனால் பானுப்ரியா பேசிய விதத்தில் கோபப்படுவதற்கு எதுவும் இல்லை. திரும்பி வரும்போது சுடலைக்கண்ணனிடம் மாற்றிவிடலாமா என்று கேட்டாள். மாற்றலாம், வண்டியை ஒர்க் ஷாப்பில் விடவேண்டியிருக்கும் என்றான்.

"ஆனா அண்ணாச்சிகிட்ட நீங்கதான்க்கா சொல்லணும். நான் எப்ப வந்தாலும் பைப்பு எப்பிடி இருக்குன்னு அவுக கேக்காம விடமாட்டாக. அவுக மூஞ்சியைப் பாத்து என்னால பொய் சொல்ல முடியாது" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது ரோச் காய்ச்சலோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காத்திருந்தார். நோய் வந்தபிறகு நாக்கு கொஞ்சம் தடிப்பாகிவிட்டது. சொல் மெதுவாகத்தான் வரும். பைப்பைப் பார்த்தாங்களா என்பதுதான் முதல் கேள்வி. டெல்பின் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் வேறு வந்துவிட்டது. ஆபீஸில் ஒரே கூட்டம், பார்க்க நேரமில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்றாள். அப்படியென்றால் அடுத்த தடவை நானும் வருகிறேன், என் பெயரில் இருக்கிற வண்டி என்று அவர் சொன்னார்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் டெல்பினுக்குத் தையலில் கை ஓடவில்லை. கையும் காலும் போய்விட்ட மனிதருக்கு, நான் செய்தது என்று காட்டிக்கொள்ள மிச்சம் இருப்பது அந்தக் குழாய் ஒன்றுதான். அதுவும் தப்பு என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் ஓடிய வண்டி, இன்னும் கொஞ்சம் ஓடாதா? ஆய்வாளரின் கண்ணுக்குச் செம்பு என்று தெரியாமல் இருந்தால் போதுமே. இரும்புக் குழாய் கருப்பாகத்தானே இருக்கும்.

ரோச் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் பார்த்து, கேட்டுக்கு அடிக்கிற கருப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு, பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். முன் சக்கரம் வரைக்கும் கை எட்டியது. பின் பக்கம் போகத் தவழவேண்டியிருந்தது. உடுப்புக்கு ஓரம் அடிக்கிற கை. ஒரு துளி சிந்தாமல் குழாய் முழுக்கப் பூசினாள். பின் அச்சுக்கு மேலே, குழாயைப் பிடித்திருக்கும் பட்டைக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஈரமாக இருந்தது. கிரீஸ் என்று நினைத்தாள். துணியால் துடைத்துவிட்டு அதன்மேலும் பூசினாள்.

ஆய்வுக்குப் போகிற காலையில் ரோச் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். துறைமுகப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் என்று டெல்பின் உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். சில அம்பாரங்களுக்கு ஓலை வேய்ந்திருந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ரோச் சந்தோஷமாக இருந்தார். அங்கன பார், இங்கன பார் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

ரோடு ஒரு இடத்தில் வளைந்து இறங்கும். வளைவு தாண்டினதும் ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்காக நின்று உப்பு ஏற்றிக்கொண்டிருந்தது. தலையில் கூடையோடு ஏழெட்டுப் பெண்கள் லாரிக்கும் அம்பாரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். டெல்பின் பிரேக்கை மிதித்தாள். மிதி வழக்கத்தைவிடக் கீழே போனது. மறுபடி மிதித்தாள். கால் நேராகத் தரையில் போய் நின்றது. வண்டி அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பிரேக் பிடிக்கல" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரோச் பதறவில்லை. வீட்டில் ஒரு வாக்கியம் சொல்லத் திணறுகிற மனிதரின் வாயிலிருந்து, எப்போதோ ஏதோ கப்பலின் இஞ்சின் ரூமில் பேசிய குரல் வந்தது.

"கியரைக் குறை. இன்னும் குறை. ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழு, வெடுக்குன்னு இழுக்காத. ஸ்டியரிங்கை நான் பாத்துக்கிடுதேன்."

அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் வலதுபக்கம் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும். டெல்பின் இடது கையால் கியரை இறக்கினாள். வண்டி உறுமி முன்னால் குனிந்தது. வலது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அப்போது ஸ்டியரிங்கில் அவள் கை இரண்டும் இல்லை. ரோச்சின் வலது கை மட்டும் இருந்தது. ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவர் ஸ்டியரிங்கை இடதுபக்கமாக வளைத்தார். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு விலகி ஓடினார்கள். லாரியின் பின்பக்கம் ஜன்னலை ஒட்டிப் போனது. வண்டி ரோட்டிலிருந்து இறங்கி, குதித்து, ஒரு உப்பு அம்பாரத்துக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பானெட் மேலும் கண்ணாடி மேலும் உப்பு சரிந்து இறங்கி, உள்ளே இருட்டாகிவிட்டது.

ரோச்தான் கை நீட்டி சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.

பெண்கள் கதவைத் திறந்து டெல்பினை இறக்கினார்கள். அவர்களில் மூத்தவள், பகவதி என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள், ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று அவள் ஒவ்வொரு ஆளாகக் காட்டிக் காட்டிச் சொன்னாள். டெல்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்களெல்லாம் கூடையோடு நடந்துகொண்டிருந்தீர்களே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பகவதி அவள் தோளில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"அழாதீகக்கா. அம்பாரம் சரிஞ்சா வாரிக்கலாம். வண்டியைத்தான் இன்னைக்கே நல்ல தண்ணியில கழுவிருங்க. இல்லன்னா எங்க உப்பு தகரத்தைத் தின்னுரும்."

ரோச் தானே இறங்கி, அவர்கள் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். போன் போட்டதும் சுடலைக்கண்ணன் பைக்கில் வந்து சேர்ந்தான். ஆளைப் பார்த்து இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகுதான் வண்டிக்கு அடியில் தலையை விட்டான். வெளியே வந்து விரலைக் காட்டினான். விரலெல்லாம் கருப்பு. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். குழாய் கீறல் விட்ட இடத்தில் டெல்பின் பூசிய கருப்பு பொரிந்து உரிந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

"இது என்னலே கருப்பு?" என்று ரோச் கேட்டார்.

சுடலைக்கண்ணன் டெல்பினைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டெல்பின் சொன்னாள். ஆய்வாளர் திருப்பி அனுப்பியது, தான் கூட்டம் என்று பொய் சொன்னது, மத்தியானம் பாய் விரித்துப் படுத்துப் பூசியது, அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு அதன்மேலும் பூசியது எல்லாவற்றையும், அந்தப் பெண்கள் முன்னால், ஒன்று விடாமல் சொன்னாள். வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேன் வந்தது. ரோச் வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் டெல்பினுக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்து நின்றார்.

"பைப்பு விட்டுப்போனதுல எனக்கு வருத்தம் இல்லளா" என்றார். அடுத்த சொல் வருவதற்கு நேரமானது. அவள் திரும்பாமல் காத்திருந்தாள். "கை போச்சு, கால் போச்சு. புத்தியும் போச்சுன்னு நீயும் நெனச்சிட்டியே, அதுதான்."

டெல்பின் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"புத்தி போச்சுன்னு நெனைக்கல. மனசு விட்டுருவீகன்னு நெனச்சேன். நீங்க ஆசையா செஞ்சது அது. அதைத் தப்புன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும்ளா. நான் போட்ட பைப்பு. கூடை சொமந்துக்கிட்டு நின்ன பிள்ளைக மேல ஏறிருந்தா, அது யாரு கணக்குல?"

மீன் வாசனையோடு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு நாற்காலி போட்டாள். வெகுநாளாக அவர் காதுக்கு எட்டாமல் வைத்திருந்த மற்றதையெல்லாம் அன்றைக்கு அவளே சொன்னாள். மகளுக்கு வேலையில் இருந்த சிக்கல், இன்னொரு தடவை பக்கவாதம் வரலாம் என்று போன மாதம் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது எல்லாம். டாக்டர் சொன்னதைக் கேட்டு ரோச் தலையாட்டினார். அதைத்தான் நானும் நினைத்தேன் என்றார். அவர் பயப்படுவார் என்று அவள் பயந்தது போல அவர் பயப்படவில்லை. பயமே இல்லாமலும் இல்லை. அவள் கையைக் கொஞ்சநேரம் பிடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு சுடலைக்கண்ணனை வரச்சொல்லி, கழற்றிய குழாயை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். பட்டை பிடித்திருந்த இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் குழாயைச் சுற்றிப் பாதிவரை ஓடியிருந்தது. லேசாக வளைத்ததும் அந்த இடத்தில் சட்டென்று முறிந்தது. ரோச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலில் இஞ்சினுக்குப் பக்கத்தில் ஆட்டம் இருக்கிற இடத்தில் வெறும் செம்புக் குழாய் போட்டால் திட்டு வாங்கிக் கொடுக்கிற ஆள் நான்தான், வீட்டு வண்டிக்கு மட்டும் துருவை நினைத்து ஆட்டத்தை மறந்துவிட்டேன் என்றார். அந்த அம்மா சொன்னது சரி, போய்ப் பார்க்கவேண்டும் என்றார்.

ஆட்டோவில்தான் போனார்கள். பானுப்ரியா மேஜையிலிருந்து எழுந்து வந்து ரோச்சுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். டெல்பின் பெயிண்ட் அடித்ததைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்; யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சொன்னாள். பானுப்ரியா ரோச் கொண்டுவந்த முறிந்த குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கருப்பா இருந்தாலும் கீறிப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பேன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு. நிச்சயமா சொல்ல முடியலம்மா. அன்னைக்கு நீங்க இங்கே வந்து சேர்ந்து, நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ரோச் தன் சந்தேகத்தை மெல்ல மெல்லக் கேட்டார். இரும்பு இந்த ஊரில் துருப்பிடிக்கும்; செம்பு கீறும்; கப்பலில் உப்புத்தண்ணீர் ஓடுகிற இடத்தில் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடுவார்கள், அதைப் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா? பானுப்ரியா அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். என்ன உலோகம் என்பது மட்டும் இல்லை சார், பிரேக்கின் அழுத்தத்துக்கென்று செய்து, சோதித்து, முத்திரை போட்டு வந்த குழாயா என்பதுதான் தனக்கு முக்கியம் என்றார். கப்பலுக்கு வந்த குழாய் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பிரேக்குக்குச் சோதித்தது என்று காட்ட வழியில்லை. மேலே பூச்சுப் பூசிய இரும்புக் குழாய் பிரேக்குக்கென்றே முத்திரையோடு வருகிறது, அது உப்புக் காற்றையும் தாங்கும் என்று சொன்னார். இரண்டு பேரும் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நோய் வந்தபிறகு ரோச்சோடு யாரும் இப்படிப் பேசியதில்லை. வருகிறவர்கள் அவளிடம்தான் பேசுவார்கள். அவரைப் பார்த்துச் சத்தமாக, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பார்கள்.

சுடலைக்கண்ணன் இரண்டு நாளில் ஒரு குழாய்க் கட்டோடு வந்தான். கடையில் கிடைத்த இரும்புக் குழாய். பூட்டுகிற இடத்தில் ஒழுகாமல் இறுகுவதற்காக முனையெல்லாம் ஏற்கெனவே புனல் வாய் மாதிரி விரித்துத் தயாராக இருந்தது. ரோச் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று எங்கேயும் இல்லை. பிரேக்குக்கு இரட்டை மடிப்பு வேண்டிய முனையை ஒரே மடிப்பாக விரித்திருந்தார்கள். விளிம்பில் வெடிப்பு ஓடியிருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"மேடம் இரும்பான்னுதான் பாப்பாக அண்ணாச்சி. பாஸாவுறதுக்கு இது போதும்" என்றான் சுடலைக்கண்ணன்.

"பாஸாவுறதுக்குப் போதும்லே. இவ ஓட்டுதாள்லா, அதுக்குப் போதாது."

டெல்பின் உள்ளே உடுப்புக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி கையில் அப்படியே நின்றுவிட்டது.

கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வேறு குழாய் வந்தது. பச்சைப் பூச்சு, நீளம் முழுக்கப் பெயரும் முத்திரையும் எழுத்து எழுத்தாக ஓடியது. சுடலைக்கண்ணன் அடியில் படுத்துப் பழைய பட்டைகளையெல்லாம் கழற்றினான். முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்கிற வேலையை மட்டும் ரோச் விடவில்லை. அதற்கு இரண்டு கை வேண்டும். பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, டெல்பினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவள் குழாயைக் கவ்வியில் அசையாமல் பிடித்தாள். அவர் வலது கையால் திருகினார். முதல் இரண்டு முனையும் கோணலாக வந்தன. நறுக்கிப் போட்டுவிட்டார். நான் இழுத்துப் பிடிக்கவில்லையா என்று அவள் கேட்டாள். இல்லை, என் கைதான் நடுங்குகிறது என்றார். மூன்றாவது நன்றாக வந்தது. தையலில் துணியை மடித்து மடித்து ஓரம் அடிக்கிற மாதிரிதான் இது என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எப்போது பிடிக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பூட்டி முடித்து, பிரேக் ஆயில் ஊற்றி, குழாய்க்குள் இருந்த காற்றை வெளியே எடுத்ததும் ரோச் மிதியை மிதித்துப் பார்க்கவில்லை. டெல்பினை ஏறி உட்காரச் சொல்லி, அழுத்தி மிதித்து அப்படியே காலை வைத்திருக்கச் சொன்னார். மிதி பாதியில் கல் மாதிரி நின்றது. சுடலைக்கண்ணன் ஒவ்வொரு முனையாகத் துணியால் துடைத்து, துணியை ரோச்சிடம் காட்டினான். எல்லாம் காய்ந்திருந்தது. பிறகு ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் அவள் ஓட்டி ஓட்டி நிறுத்தினாள். முதல் தடவை வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்தபிறகும் கொஞ்சநேரம் காலை எடுக்கவில்லை.

ஆய்வன்று பானுப்ரியா மறுபடியும் பலகையில் படுத்துப் பார்த்தார். குழாயைப் பிடித்திருக்கும் பட்டை ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்தார். குழாயின் மேலிருந்த எழுத்தைப் படித்தார். வண்டியை ஓட்டச்சொல்லி, திடீரென்று நிறுத்தச் சொன்னார். நான்கு சக்கரமும் ஒன்றாக நின்றன. எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, முனையை யார் விரித்தது என்று கேட்டார். ரோச் தன்னையும் டெல்பினையும் கை காட்டினார். பானுப்ரியா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜீப் முறை வருவதற்காகக் காத்து நின்றது. நன்றாகத் துடைத்துப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பெரியதாழைக் கடற்கரைப் பக்கத்து ஆள் மாதிரி இருந்தது. கதவில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜீப் உயரமான வண்டி, அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். ரோச் டெல்பினை நிறுத்தச் சொன்னார். அவளும் பார்த்தாள். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குழாய் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

ரோச் கண்ணாடியை இறக்கி அந்த ஆளைக் கூப்பிட்டார். தம்பி, பிரேக் பைப்பு நீங்க போட்டதா என்று கேட்டார். அந்த ஆளின் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் என்று பக்கத்தில் வந்தார். துருப்பிடிக்கவே பிடிக்காது, மச்சான் ஏசி வேலை பார்க்கிறான், அவனே உட்கார்ந்து வளைத்துக் கொடுத்தான் என்று சொல்லத் தொடங்கினார்.

"நானும் அப்பிடித்தான் போட்டிருந்தேன்" என்றார் ரோச். அடுத்த வார்த்தையை அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆள் குனிந்து, ஜன்னலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேச்சு சீக்கிரத்தில் முடியாது என்று டெல்பினுக்குத் தெரிந்தது. வண்டியை ஓரமாக விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இஞ்சினை நிறுத்தினாள்.